உள்ளே காலியான சாஃப்ட் பிளாஸ்டிக் லூர்: வீட்டு அச்சில் வார்க்கும் முழு வழிகாட்டி

திடமான சாஃப்ட் பிளாஸ்டிக் லூரை, அதாவது மீன் பிடிக்கப் பயன்படும் மென்மையான செயற்கை இரையை, வார்ப்பது எளிது. பிளாஸ்டர் அச்சில் உருகிய பிளாஸ்டிசாலை (சூடாக்கி ஆறவிட்டால் ரப்பர் போல இறுகும் பி.வி.சி. கலவையை) ஊற்றி, ஆறியதும் உரித்தெடுத்தால் முடிந்தது. உள்ளே காலியான லூர் வேறு ரகம். மீன் கவ்வியதும் அதன் உடல் அமுங்க வேண்டும், உள்ளே படுத்திருக்கும் தூண்டில் முள்ளின் முனை அப்போது வெளியே வர வேண்டும். சுவர் 3 மி.மீ. கனமாக இருந்தால் அமுங்காது. முள் ஏறுவதற்குள் மீன் துப்பிவிடும். 1 மி.மீ. ஆக இருந்தால் ஓரிரு கடியில் கிழிந்துபோகும். 2 மி.மீ. சுவர், சுற்றிலும் ஒரே கனமாக வர வேண்டும் என்பதுதான் இங்கே முழு வேலையும். அதைத் தீர்மானிப்பது பிளாஸ்டிசாலோ நிறமோ அல்ல, அச்சுக்குள் தொங்கி, காலி இடத்தை உண்டாக்கும் உள்கட்டையான கோர். அதனால் இந்த வழிகாட்டியின் பெரும் கவனம் கோரின் மேலேயே இருக்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு மீன் வடிவ லூரை எடுத்துக்கொள்வோம். நீளம் 100 மி.மீ., உயரம் 24, அகலம் 16. தலையிலிருந்து 70 மி.மீ. வரை காலியான உடல், பின்னே 30 மி.மீ. திடமான துடுப்பு வால். வாய்ப் பக்கத்தில் 9 மி.மீ. துளை, கோர் வெளியே வருவதும், பிறகு முள் உள்ளே போவதும் அந்த வழியாகத்தான்.

காலி இடத்தை உண்டாக்க மூன்று வழிகள்

முதலாவது, முக்கி எடுப்பது. அலுமினியக் கம்பியையோ எஃகுக் கம்பியையோ உருகிய பிளாஸ்டிசாலில் முக்கி எடுத்தால் அதன் மேல் ஒரு தோல் படியும். குழாய் வடிவ லூர்களுக்கு இது போதும். 10 மி.மீ. கம்பியை ஆழமான குறுகிய பாத்திரத்தில் நேராக இறக்கி, மெதுவாக ஒரே வேகத்தில் தூக்கி, உடனே தலைகீழாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிமுனையில் சொட்டு தொங்கி உறையும். தோல் போதவில்லை என்றால் அது ஆறியபின் மறுபடி முக்கலாம். பிளாஸ்டிசால் சற்றுக் குளிர்ந்திருந்தால் தோல் தடிமனாகவும் அலையலையாகவும் வரும். அச்சே வேண்டாம் என்பது இதன் நன்மை. கண், செதில், வயிற்று வளைவு எதுவும் வராது என்பது குறை.

இரண்டாவது, ஊற்றிக் கவிழ்ப்பது. அச்சை நிரப்பி, சுவரை ஒட்டிய பிளாஸ்டிசால் மட்டும் உறையும்வரை காத்திருந்து, நடுவில் உருகியிருப்பதைத் திருப்பி ஊற்றிவிட வேண்டும். உலோக அச்சில் இது நன்றாக வரும். பிளாஸ்டரும் சிலிக்கோனும் சூட்டை மெதுவாகவே வாங்கும். அதனால் நேரம் பிடிபடாது. முதல் வார்ப்புக்கும் ஐந்தாவது வார்ப்புக்கும் இடையே அச்சின் சூடு ஏறிவிட, சுவர் மெலிந்துகொண்டே போகும். வால் போன்ற ஒடுக்கமான இடங்கள் அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, கோர் வைத்து வார்ப்பது. வேலை அதிகம்தான். ஆனால் ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் நூறாவது லூரும் முதல் லூர் போலவே வரும். இனி வருவது எல்லாம் இந்த வழிக்கானது.

மாதிரி

மரத்திலோ சுட்டுக் கெட்டியாக்கும் பாலிமர் களிமண்ணிலோ லூரின் மாதிரியைச் செதுக்குங்கள். வாயிலிருந்து முன்னோக்கி 9 மி.மீ. கனமுள்ள, 35 மி.மீ. நீளமுள்ள ஒரு காம்பும் மாதிரியோடு சேர்ந்தே இருக்க வேண்டும். அச்சில் கோர் உட்காரப்போகும் இருக்கையை இந்தக் காம்புதான் உண்டாக்கும். அதன் ஒரு பக்கத்தைத் தட்டையாக அரத்தால் தேய்த்துவிடுங்கள். முழு உருண்டையாக விட்டால் கோர் அச்சுக்குள் சுழலும். நீள்வட்ட உடலுக்குள் கோர் 10 டிகிரி சுழன்றாலே ஒரு பக்கச் சுவர் காகிதமாகிவிடும்.

காம்பைக் குட்டையாக விடுவதுதான் பலர் செய்யும் தவறு. 70 மி.மீ. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கோருக்குக் குறைந்தது அதில் பாதி நீளமாவது வெளியே பிடிமானம் வேண்டும்.

மாதிரியின் மேற்பரப்பு எப்படியோ லூரின் மேற்பரப்பும் அப்படியே. 400, பிறகு 800 எண் உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு கைப் பூச்சு வார்னிஷ் கொடுத்துக் காயவிடுங்கள்.

இரண்டு துண்டு பிளாஸ்டர் அச்சு

காம்பின் முனை மட்டும் சுவரைத் தொட, மாதிரியைச் சுற்றி மற்ற எல்லாப் பக்கமும் 20 மி.மீ. இடம் விட்டு ஒரு பெட்டி செய்யுங்கள். அடியில் மாடலிங் களிமண்ணைப் பரப்பி, மாதிரியை முதுகு முதல் வயிறு வரை ஓடும் நடுக்கோடு வரை புதையுங்கள். களிமண் மாதிரியைத் தொடும் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் இருக்க வேண்டும். அங்கே இடைவெளி இருந்தால் லூரின் நடுவில் தடித்த தையல் விழும். மூலைகளில் கோலிக்குண்டை அழுத்தி நான்கு பொருத்துக் குழிகள் போடுங்கள்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் 100 கிராமுக்குத் தண்ணீர் 65 மி.லி.; இது ஏறக்குறைய 100 மி.லி. குழம்பு தரும். பெட்டியின் நீள அகல உயரத்தைப் பெருக்கிக் கொள்ளளவைக் கண்டுபிடித்தால் எவ்வளவு கலக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒரு பாதிக்கு 155 × 64 × 28 மி.மீ. என்றால் சுமார் 278 மி.லி.; அதற்கு 278 கிராம் பிளாஸ்டரும் 181 மி.லி. தண்ணீரும் வேண்டும். தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவுங்கள், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஒரு நிமிடம் ஊறவிட்டு, நுரை எழாமல் கலக்குங்கள். முதலில் தூரிகையால் மாதிரியின் மேல் ஒரு பூச்சு, பிறகு ஒரு மூலையிலிருந்து மெதுவாக ஊற்றி, பெட்டியைத் தட்டிக் குமிழிகளை மேலே வரவிடுங்கள்.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். அந்தச் சூடு தணிந்த பிறகு திருப்பி, களிமண்ணை எடுத்துவிட்டு, பிளாஸ்டர் முகம் முழுவதும் வாசலின் தடவி இரண்டாம் பாதியை ஊற்றுங்கள். வாசலின் படாத இடம் ஒரு நகக்கண் அளவு இருந்தாலும் இரண்டு பாதியும் ஒன்றாகிவிடும்.

பிரித்ததும் வழிகளை வெட்டுங்கள். தாடைப் பக்கம் 7 மி.மீ. ஊற்றுவாய், மேலே புனல் போல் விரிந்தது. தலையின் மேல்புறத்தில் ஒன்று, வால் துடுப்பின் மடிப்பில் ஒன்று என 1 மி.மீ. காற்றுவழிகள். வாலுக்குக் காற்றுவழி வைக்க மறந்தால், அழகான உடலும் பாதி வாலும்தான் கிடைக்கும்.

அடுத்தது உலர்த்தல். இங்கே பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் விபத்து நேர்கிறது. ஈரமான பிளாஸ்டரில் 170 டிகிரி செல்சியஸ் சூடான பிளாஸ்டிசால் பட்டால் நீர் ஆவியாகி, உருகிய பிளாஸ்டிக்கை முகத்தில் தெறிக்கும். காற்றோட்டத்தில் ஒரு வாரம் வையுங்கள், அல்லது 45 டிகிரிக்கு மிகாத சூட்டில் வையுங்கள்; அதற்கு மேல் நெடுநேரம் சூடாக்கினால் பிளாஸ்டர் மாவாகிவிடும். தொட்டுப் பார்த்து ஈரத்தைக் கணிக்க முடியாது. தினமும் எடை போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

காய்ந்த அச்சின் உட்பரப்பில் இருபாக எபாக்சியை மெல்லிய பூச்சாக இருமுறை தடவுங்கள். வெள்ளைப் பசையைச் சம அளவு தண்ணீரில் கரைத்து மூன்று கைப் பூசுவதும் வேலை செய்யும், ஆனால் சூட்டில் இளகும். சில டஜன் வார்ப்புக்குப் பிறகு மறுபடி பூச வேண்டி வரும். தண்ணீர் கலந்த எதைப் பூசினாலும் மறுபடி உலர்த்தி எடை பார்க்க வேண்டும்.

கோர்: 2 மி.மீ. சுவரை முன்கூட்டியே வார்த்துக்கொள்வது

கோரைக் கண்ணளவில் செதுக்கலாம். ஆனால் எத்தனை தேர்ந்த கையானாலும் சுவர் ஒரு பக்கம் 1.5, மறுபக்கம் 2.8 என்றுதான் வரும். அதைவிட நல்ல வழி, அச்சின் உட்புறத்தில் சுவர் கனத்துக்குக் களிமண்ணை ஒட்டி, மிச்சமுள்ள வெற்றிடத்தில் கோரை வார்ப்பது. களிமண் இருக்கும் இடத்தில்தான் பின்னால் பிளாஸ்டிசால் வரப்போகிறது.

2 மி.மீ. கனமுள்ள இரண்டு பட்டைகளை மேஜையில் இணையாக வைத்து, நடுவே களிமண்ணை வைத்து, பட்டைகளின் மேல் உருளும்படி உருட்டுக்கட்டையை ஓட்டுங்கள். ஒட்டாமல் இருக்க டால்கம் பவுடர் தூவலாம். கிடைக்கும் தகட்டை அச்சின் இரு பாதியிலும் அழுத்திப் படியவையுங்கள். வளைவுகளில் தகடு நீண்டு மெலியும், ஓரங்களில் மடிந்து தடிக்கும். ஊசி ஒன்றில் முனையிலிருந்து 2 மி.மீ. தூரத்தில் மையால் கோடு போட்டு, இருபது முப்பது இடங்களில் குத்திப் பார்த்துச் சரிசெய்யுங்கள். இதில் ஒரு மணி நேரம் போனாலும் போகட்டும்.

வாயைச் சுற்றி 8 மி.மீ. தூரத்துக்கு 3 மி.மீ. கனம் வையுங்கள். கோர் வெளியே வரும்போதும், முள் ஏறும்போதும் இழுபடும் இடம் அது. பின்னாலுள்ள 30 மி.மீ. வால் பகுதியைக் களிமண்ணால் முழுக்க நிரப்பிவிடுங்கள். உடல் முடிந்து வால் தொடங்கும் இடத்தில் கோரின் முனை உருண்டையாக முடியட்டும். கூராக முடிந்தால் லூர் அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும். காம்பு இருக்கையில் களிமண் கூடாது. அங்கே வாசலின் மட்டும்.

கோருக்கு ஏற்ற பொருள் சிலிக்கோன் ரப்பர். கடினம் ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தைக் காட்டும் அளவுகோல்) 25 முதல் 30 வரை, தாங்கும் சூடு 200 டிகிரிக்குக் குறையாதது. மரம் ஈரத்தை வைத்திருந்து குமிழி விடும். உலோகம் உறுதியானது, ஆனால் 20 மி.மீ. உயரமுள்ள விறைத்த கட்டையை 9 மி.மீ. வாய் வழியாக இழுத்தால் வாய் கிழியும். சிலிக்கோனில் பிளாஸ்டிசால் ஒட்டாது. இழுக்க இழுக்க அது மெலிந்து தானாகவே வழுக்கி வரும். பிளாட்டினம் வகை சிலிக்கோன் வாங்கினால் கந்தகம் கலக்காத களிமண்தான் பயன்படுத்த வேண்டும். கந்தகம் பட்ட இடத்தில் அது இறுகவே இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும்.

சிலிக்கோன் வளையும் என்பதால் நடுவே 2 மி.மீ. எஃகுக் கம்பி வேண்டும். அதில் வாசலின் பூசி, வெளிமுனையை எல் வடிவில் மடித்து, அச்சை மூக்கு மேலே பார்க்க நிமிர்த்தி, இருக்கையின் மேல் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்துக் கம்பியை நடுவில் தொங்கவிடுங்கள். கம்பியின் அடிமுனை கோர் முனைக்கு 5 மி.மீ. மேலே நிற்கட்டும். ஊற்றுவாயையும் தலைப்புறக் காற்றுவழியையும் களிமண்ணால் அடைத்துவிட்டு, டப்பாவில் எழுதிய விகிதத்தில் கலந்த சிலிக்கோனை மெல்லிய நூல் போல ஊற்றுங்கள்.

இறுகிய பின் பிரித்து, களிமண்ணைத் துடைத்தெடுங்கள். அச்சைக் கழுவ வேண்டாம். கோரை 100 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் உள்ளே மிச்சமிருக்கும் ஆவி வெளியேறிவிடும். தகர வகை சிலிக்கோனுக்கு இது கட்டாயம்; செய்யாவிட்டால் லூரின் உட்சுவரில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்துகொண்டே இருக்கும்.

உருக்குவதற்கு முன்

பிளாஸ்டிசால் என்பது பிளாஸ்டிசைசர் என்னும், பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் எண்ணெயில் மிதக்கும் பி.வி.சி. தூள். அளவுக்கு மீறிச் சூடானால் அது சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். மூக்கையும் நுரையீரலையும் அரிக்கும் வாயு அது. திறந்த வெளியிலோ, புகையை வெளியே இழுக்கும் விசிறிக்கு அருகிலோ வேலை செய்யுங்கள். அமில வாயுவுக்கும் கரிம ஆவிக்குமான கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி, கண்ணை முழுதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கைச் சட்டை எல்லாம் வேண்டும். துணி முகமூடி வாயுவைத் தடுக்காது. இதற்குப் பயன்படுத்திய மைக்ரோவேவையும் பாத்திரத்தையும் மறுபடி சமையலுக்குத் தொடக்கூடாது.

தோலில் உருகிய பிளாஸ்டிக் ஒட்டினால் பிய்த்தெடுக்காதீர்கள். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். அந்தத் தண்ணீர் அருகில் தயாராக இருக்கட்டும், ஆனால் உருக்கும் மேஜையின் மேல் ஒரு சொட்டும் இருக்கக்கூடாது.

உருக்கி வார்த்தல்

இந்த லூருக்குத் தேவை சுமார் 13 மி.லி.தான். ஆனால் 100 மி.லி.க்குக் குறைவாக உருக்க வேண்டாம். சிறிய அளவு சீக்கிரம் கருகும், சீக்கிரம் ஆறும். போத்தலின் அடியில் தூள் படிந்திருக்கும் என்பதால் நன்றாகக் குலுக்குங்கள். நடுத்தர மென்மை உள்ள பிளாஸ்டிசால் போதும். உடல் விறைப்பாகத் தோன்றினால் அடுத்த முறை மென்மையூட்டியை 5 விழுக்காடு சேருங்கள். சுவரை மெலிதாக்கி மென்மையைத் தேடக்கூடாது.

சூடு தாங்கும் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மைக்ரோவேவில் முதலில் 60 நொடி. வெளியே எடுத்து அடிவரை கிளறுங்கள். பிறகு 20 நொடி, கிளறல், மறுபடி 20 நொடி. பால் போல இருந்தது களியாக இறுகும். புதியவர்கள் கெட்டுவிட்டதென்று நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். தொடர்ந்தால் மறுபடி இளகி, கண்ணாடி போலத் தெளியும். 170 முதல் 175 டிகிரியில் வார்க்கலாம். 190 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பை மட்டுமே அளக்கும் என்பதால் கிளறிய உடனே அளவெடுங்கள். தெளியாமல் வெண்மை மிச்சமிருக்கும்போதே வார்த்தால், பார்வைக்கு நல்ல லூர் கிடைக்கும். கையால் இழுத்தால் ரொட்டி போலப் பிய்ந்து வரும்.

நிறத்துளி 100 மி.லி.க்கு நான்கைந்து சொட்டு. மினுக்குத்தூள் அரைத் தேக்கரண்டி, கடைசியாகச் சேருங்கள். அது சூடு தாங்கும் பாலியெஸ்டர் வகையாக இருக்கட்டும். கைவினைக்கு விற்கும் சாதாரணத் தூள் சூட்டில் சாயம் விடும்.

அச்சைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்குங்கள். குளிர்ந்த அச்சில் 2 மி.மீ. இடுக்குக்குள் போகும் பிளாஸ்டிசால் பாதி வழியிலேயே உறைந்து, இரண்டு ஓட்டங்கள் சந்திக்கும் இடத்தில் ஒட்டாத கோடு விழும். உட்பரப்பிலும் கோரிலும் லூர் எண்ணெயைத் துடைத்தாற்போல் தடவி, கோரை இருக்கையில் தட்டைப் பக்கம் பொருந்த வைத்து மூடி, இரண்டு கிளாம்ப் போடுங்கள். அச்சு மூக்கு மேலே நிற்கட்டும். படுக்கவைத்தால் கோர் தன் எடையில் கீழே தொங்கி வயிற்றுச் சுவரை மெலியவைக்கும். நிமிர்ந்து நிற்கும்போது எடை நேர்கீழாகவே இறங்கும்.

குவளையிலிருந்து நேரடியாக ஊற்றலாம், ஆனால் இவ்வளவு ஒடுக்கமான இடத்துக்கு அலுமினிய ஊசிக்குழல்தான் நம்பகமானது. சூடான ஊசிக்குழலில் இழுத்து, ஊற்றுவாயில் பொருத்தி, ஐந்தாறு நொடி எடுத்துக்கொண்டு சீராக அழுத்துங்கள். வேகமாகத் தள்ளினால் அந்த ஓட்டமே கோரை எதிர்ச்சுவருக்குத் தள்ளிவிடும். தலைப்புறக் காற்றுவழியில் பிளாஸ்டிசால் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, மேலும் 15 நொடி அழுத்தம் விடாமல் பிடியுங்கள். ஆறும்போது சுருங்கும் உடல் அங்கிருந்துதான் இழுத்துக்கொள்ளும். எடுத்துவிட்டால் தாடையில் பள்ளம் விழும்.

பிரித்தல்

பிளாஸ்டர் அச்சில் குறைந்தது 8 நிமிடம் விடுங்கள். பிரித்து, கோரோடு சேர்த்தே லூரைக் குளிர்ந்த நீரில் போட்டு முழுவதும் ஆறவையுங்கள். பிறகு எஃகுக் கம்பியை மட்டும் உருவுங்கள். வாயின் ஓரத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, உடலை விரல்களுக்கு இடையே உருட்டினால் எண்ணெய் உள்ளே பரவும். உடலை இறுக்கிப் பிடிக்காமல் கோரின் காம்பை மெதுவாக, விடாமல் இழுங்கள். அடுத்த வார்ப்புக்குமுன் கோரின் ஈரத்தைத் துடைத்து, கம்பியை மறுபடி செருகிவிட வேண்டும்.

பிரித்த லூரை வால் நேராக இருக்கும்படி தட்டையான பரப்பில் ஒரு நாள் கிடத்துங்கள். வளைந்து கிடந்தால் அந்த வளைவு அப்படியே நிலைத்து, இழுக்கும்போது லூர் ஒரு பக்கமாகப் படுத்து நீந்தும்.

தவறு தெரிந்தால் எங்கே பார்ப்பது

முதல் வார்ப்பைத் தயங்காமல் குறுக்கே மூன்று துண்டாக வெட்டிவிடுங்கள். சுவரின் கனம் மூன்று இடத்திலும் ஒரே பக்கம் குறைந்திருந்தால் இருக்கையில் கோர் தளர்வாக இருக்கிறது. காம்பின் மேல் மெல்லிய சிலிக்கோன் பூச்சு கொடுங்கள். முன்னால் சரியாக இருந்து பின்னால் போகப் போகக் குறைந்தால் கம்பி வளைகிறது, 2.5 மி.மீ. கம்பிக்கு மாறுங்கள், அல்லது இன்னும் மெதுவாக அழுத்துங்கள். கோர் முனை வாலை நோக்கி ஆடும் 80 மி.மீ.க்கு மேற்பட்ட உடல்களுக்கு, வயிற்றுப் பக்கத்திலிருந்து ஒரு 1.5 மி.மீ. ஊசி அச்சின் வழியாகக் கோரில் செருகி நிற்கட்டும். அது விடும் சிறு துளை, உள்ளே புகுந்த தண்ணீர் வடியப் பயன்படும்.

வெளிப்பக்கம் குமிழி என்றால் அச்சில் ஈரம். உட்பக்கம் குமிழி என்றால் கோரில் ஈரம் அல்லது ஆவி. சுவருக்கு நடுவே குமிழி என்றால் கிளறும்போது காற்று கலந்திருக்கிறது; உருக்கியபின் அரை நிமிடம் அசையாமல் வைத்து ஊற்றுங்கள். மஞ்சள் படிந்தால் சூடு அதிகம், அல்லது அதே பிளாஸ்டிக் பலமுறை உருகியது. சூட்டில் சிதையாமல் காக்கும் வெப்பநிலைப்படுத்தியை 1 முதல் 2 விழுக்காடு சேர்ப்பது உதவும்.

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, வாயை விரலால் அடைத்து நீருக்குள் அமுக்குங்கள். குமிழி வரும் இடத்தைத் துடைத்து உலர்த்தி, சூடான கத்தி முனையால் இரு ஓரத்தையும் இளக்கி ஒட்டிவிடலாம்.

முள் பொருத்தும்போது

ஊசிச் சிரிஞ்சால் உடலுக்குள் தண்ணீர் நிரப்பி, எத்தனை மி.லி. பிடிக்கிறது என்று பாருங்கள். காற்று அடைபட்டு நிற்கும்வரை ஒவ்வொரு மி.லி.யும் ஏறக்குறைய 1 கிராம் எடையைத் தாங்கும். உள்ளே 7 மி.லி. இடம் இருந்தால், 5 கிராம் முள் மாட்டிய லூர் நீர்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ நிற்கும். 10 கிராம் மாட்டினால் இறங்கும். முள் முனை வெளிவரும் இடத்தில் முதுகில் 8 மி.மீ. கீறல் போதும். விரலால் அமுக்கிப் பாருங்கள்: லேசான அழுத்தத்திலேயே முனை தலைகாட்ட வேண்டும்.

முடிந்த லூர்களைப் பாலிஎதிலீன் பையில் வையுங்கள். சில கடினப் பிளாஸ்டிக் பெட்டிகளைப் பிளாஸ்டிசைசர் இளக்கிக் குழைத்துவிடும். டி.பி.இ. (தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர்) ரப்பரில் செய்த லூர்களோடு கலந்து வைத்தால் இரண்டும் உருகி ஒட்டும். கிழிந்தவற்றை நீரில் எறியாதீர்கள்; மீன் விழுங்கினால் அது வயிற்றில் செரிக்காமல் தங்கும். முள்ளை எடுத்து, கழுவி, ஈரம் போகக் காயவைத்து, ஒரே நிறத்தவற்றைச் சேர்த்துவைத்தால் புதுப் பிளாஸ்டிசாலோடு நாலில் ஒரு பங்கு கலந்து மறுபடி உருக்கலாம்.